ஆறாம் எண்ணைத் தேடி

ஐரோப்பியக் கால்பந்துக்கு ஜூனும் ஜூலையும் விடுமுறைக் காலம். மைதானம் ஓய்ந்திருக்கும், சந்தை மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். எந்தக் கிளப் யாரை வாங்கப்போகிறது, எவ்வளவு கொடுக்கும், அவர் வந்தால் எங்கே ஆடுவார் என்று ரசிகர்களின் விவாதம் இரவு பகலாக நடக்கும். கோல் அடிப்பவரைப் பற்றிய பேச்சு அதில் சீக்கிரம் முடிந்துவிடும். போன சீசனில் எத்தனை கோல் என்று எண்ணிப் பார்த்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். நடுக்கள ஆட்டக்காரரைப் பற்றிய வழக்குதான் தீராது. அவர் செய்யும் வேலையில் பெரும்பகுதி ஸ்கோர்போர்டில் ஏறுவதில்லை. அவர் இல்லாமல் அணியே இல்லை என்பார் ஒரு ரசிகர். பக்கவாட்டில் பாஸ் போடுவதைத் தவிர அவருக்கு என்ன தெரியும் என்பார் இன்னொருவர். இருவரும் பார்த்தது ஒரே ஆட்டத்தைத்தான்.

இதை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அணியில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்பதை ரசிகர்கள் பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடிக்கிறார்கள், சில சமயம் நிர்வாகத்துக்கும் முன்னதாகவே. சறுக்கல் அடுத்த அடியில்தான் வருகிறது. ஓட்டை இருக்கிறதா, அப்படியென்றால் அடைக்க ஓர் ஆளை வாங்கு என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். நடுக்களத்தில் ஓர் இடம் காலியாகத் தெரிவதற்கு, அங்கே நிற்பவர் மட்டும் காரணமாக இருப்பதில்லை. அவரைச் சுற்றியுள்ள மற்ற ஒன்பது பேர் எங்கே நிற்கிறார்கள், பந்து பறிபோனதும் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்தக் காலியிடம் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகிறது. யாரை வாங்குவது என்று கேட்பதற்கு முன் அணியை எப்படி நிறுத்துவது என்று கேட்டாக வேண்டும். 2022 கோடையிலிருந்து லிவர்பூல் அணிக்கு நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

கதைக்குள் போகும்முன் சில எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது. 4-3-3 என்றால் பின்களத்தில் நால்வர், நடுவில் மூவர், முன்களத்தில் மூவர். கோல்கீப்பர் இந்தக் கணக்கில் வரமாட்டார். நடுவில் உள்ள மூவரில் சற்றுப் பின்தங்கி, தற்காப்பு வீரர்களுக்கு முன்னால் காவல் நிற்பவரை நம்பர் 6 என்கிறார்கள். அவருக்கு முன்னால் இரு பக்கமும் மேலும் கீழும் ஓடி உழைப்பவர்கள் நம்பர் 8. எதிரணியின் நடுக்களத்துக்கும் பின்களத்துக்கும் இடையிலுள்ள சந்தில் நின்று கோல் வாய்ப்பை உருவாக்குபவர் நம்பர் 10. சட்டையில் வேறு எண் இருக்கலாம். மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி அணிவது 16, ஆனாலும் இந்தத் தலைமுறையின் தலைசிறந்த நம்பர் 6 அவர்தான். 4-2-3-1 என்ற அமைப்பில் அந்த ஆறாம் எண்ணின் வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்வார்கள், மூன்றாமவர் பத்தாம் எண்ணாக மேலே ஏறிவிடுவார். தாளில் பார்த்தால் ஒருவரை நாலு அடி நகர்த்தியதுபோலத் தெரியும். களத்திலோ வேலையே மாறிவிடுகிறது. 4-3-3இல் அந்த ஒற்றை ஆள் மைதானத்தின் 68 மீட்டர் அகலத்துக்கும் பொறுப்பு. 4-2-3-1இல் அவர் தன் பாதியைக் கவனித்தால் போதும், மறுபாதியில் ஒரு துணை இருக்கிறது.

2021-22 சீசனில் பயிற்சியாளர் யூர்கன் கிளாப்பின் லிவர்பூல் 63 ஆட்டங்கள் ஆடியது. ஆடக்கூடிய எல்லாப் போட்டியிலும் கடைசி ஆட்டம்வரை போன அணி அது. எஃப்ஏ கோப்பையையும் லீக் கோப்பையையும் வென்றது. பிரீமியர் லீக்கை 92 புள்ளிகள் எடுத்தும் ஒரே புள்ளியில் இழந்தது. சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டிடம் ஒரு கோலில் தோற்றது. அந்தக் கோடையில் ரசிகர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: நடுக்களத்துக்கு இளரத்தம். ஹெண்டர்சனுக்கு வயது 32, மில்னருக்கு 36, தியாகோவுக்கு 31. கிளப் பிரான்ஸின் ஒரேலியன் சுவாமெனியைக் கேட்டுப் பார்த்தது. அவர் மாட்ரிட்டைத் தேர்ந்தெடுத்தார். சந்தை மூடும் நாளில் யுவென்டசிலிருந்து ஆர்தர் மெலோ கடனாக வந்தார். முதல் அணிக்காக அவர் அந்த சீசன் முழுவதிலும் ஆடியது 13 நிமிடம். லிவர்பூல் 67 புள்ளிகளோடு ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. ஓராண்டில் 25 புள்ளி போயிற்று. ரசிகர்கள் முன்கூட்டியே சொன்ன இடத்தில்தான் அணி உடைந்தது.

ஆனால் ஏன் உடைந்தது என்பதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் பாதிதான் சரி. நம்பர் 6ஆக இருந்த ஃபபினியோவின் கால்கள் தளர்ந்துவிட்டன என்று எல்லோரும் பேசினார்கள். பந்தைப் பறிக்க அவர் ஒரு நொடி தாமதமாக வந்தது உண்மை. முந்தைய ஆண்டுகளில் அந்த ஒரு நொடியை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் யார்? சாடியோ மானேயும் ஃபிர்மினோவும் முன்களத்திலேயே எதிரணியை விரட்டியதால், அந்த அணியின் பின்கள வீரர் தலை நிமிர்ந்து பாஸ் போட முடியாது. அவசரத்தில் வந்த பந்து ஃபபினியோவின் காலருகே விழும். 2022 கோடையில் மானே பயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார், ஃபிர்மினோ காயத்தால் அடிக்கடி வெளியே இருந்தார். முன்களத்தின் விரட்டல் தளர்ந்ததும், நிதானமாக வந்த பாஸ்கள் நடுக்களத்தைத் தாண்டின. ஃபபினியோ ஓட வேண்டிய தூரம் கூடிவிட்டது. 2023 ஜனவரி 14 அன்று பிரைட்டன் தன் மைதானத்தில் லிவர்பூலை 3-0 என்று சாய்த்தபோது அது வெட்டவெளிச்சமாயிற்று. ஆறாம் எண்ணின் இடத்தில் தெரிந்த ஓட்டையில் ஒரு பகுதி முன்களத்தின் மையமான ஒன்பதாம் எண்ணின் இடத்தில் தொடங்கியது. வாங்க வேண்டியவர் பட்டியலை எழுத உட்காரும்போது இந்தத் தொடர்பை யாரும் எழுதி வைப்பதில்லை.

2023 கோடையில் பழைய நடுக்களம் மொத்தமாகக் கலைந்தது. ஃபபினியோவும் ஹெண்டர்சனும் சவூதிக்குப் போனார்கள், மில்னர் பிரைட்டனுக்கு, கெய்ட்டாவும் ஆக்ஸ்லேட்-சேம்பர்லெயினும் ஒப்பந்தம் முடிந்து வெளியேறினார்கள். உலகக் கோப்பை வென்ற அர்ஜென்டினா அணியிலிருந்த அலெக்சிஸ் மக்காலிஸ்டர் சுமார் 35 மில்லியன் பவுண்டுக்கும், ஹங்கேரியின் டொமினிக் சொபோஸ்லாய் 60 மில்லியனுக்கும் வந்தார்கள். இருவரும் முன்னேறி ஆடுகிறவர்கள். பின்னால் நிற்க ஆள் எங்கே என்று விவாதம் உச்சத்துக்குப் போயிற்று. ஆகஸ்டில் பிரைட்டனின் மோயிசஸ் கைசெடோவுக்கு லிவர்பூல் 111 மில்லியன் பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது. கிளப் வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய தொகை கிடையாது. கைசெடோ செல்சிக்குத்தான் போவேன் என்றார், 115 மில்லியன்வரை உயரக்கூடிய தொகைக்குப் போகவும் செய்தார். அடுத்து சவுத்தாம்டனின் ரோமியோ லாவியா. அவரும் செல்சிக்கே போனார். சீசனின் முதல் ஆட்டத்தில் லிவர்பூல் சந்தித்ததும் அதே செல்சியை. காவலாள் இல்லாமல் மக்காலிஸ்டரைப் பின்னால் நிறுத்தி 1-1 என்று தப்பித்தது. கடைசியில் ஜப்பான் அணியின் கேப்டன் வடாரு எண்டோ, 30 வயது, ஷ்டுட்கார்ட்டிலிருந்து சுமார் 16 மில்லியனுக்கு வந்தார். சந்தை மூடும் நாளில் பயர்ன் மியூனிக்கிலிருந்து சுமார் 34 மில்லியனுக்கு 21 வயது ரையான் கிராவன்பெர்க். எண்டோவைக் கண்டு ரசிகர்கள் சோர்ந்தார்கள். கிராவன்பெர்க்கை ஆறாம் எண்ணாக யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அயாக்ஸில் வளர்ந்தவர், பந்தைச் சுமந்து முன்னே ஓடும் நம்பர் 8 என்று பெயர் வாங்கியவர், பயர்னில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தவர்.

111 மில்லியன் என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த நம்பிக்கை என்ன என்று பார்க்க வேண்டும். கைசெடோ எத்தனை டேக்கிள் செய்தார், எத்தனை முறை பந்தை மீட்டார் என்ற புள்ளிவிவரங்கள் அப்போது ரசிகர்களின் விரல்நுனியில் இருந்தன. நான் புள்ளிவிவரத்துக்கு எதிரியல்ல. அதைப் படிக்கும் முறையில் கவனம் வேண்டும். டேக்கிள் செய்ய வேண்டுமானால் பந்து எதிரணியிடம் இருந்தாக வேண்டும். 2015-16இல் லெஸ்டர் சிட்டி சாம்பியனானபோது என்கோலோ கான்டே லீக்கில் 175 டேக்கிள் செய்தார். லெஸ்டர் பந்தை எதிரணியிடம் விட்டுவிட்டுக் காத்திருந்து பாய்கிற அணி. கான்டேவுக்குப் பறிக்க ஏராளமான பந்து கிடைத்தது. அடுத்த ஆண்டு செல்சியில் அவருடைய டேக்கிள் எண்ணிக்கை குறைந்தது, ஆட்டத் திறன் குறையவில்லை. செல்சியும் சாம்பியனானது, அவர் ஆண்டின் சிறந்த வீரர் விருதுகளை அள்ளினார். ஓர் ஆட்டக்காரரின் எண்ணிக்கையில் அவருடைய அணியின் அமைப்பும் கலந்தே இருக்கிறது. அவரை வாங்குகிற கிளப்பால் அந்த அமைப்பையும் சேர்த்து வாங்க முடியாது.

கைசெடோவே இதற்குச் சாட்சி. அவர் நல்ல ஆட்டக்காரர் இல்லை என்று சொல்ல வரவில்லை. இன்று உலகின் முதல் வரிசை நடுக்கள வீரர்களில் ஒருவர் அவர், ரசிகர்களின் மதிப்பீடு பொய்யாகவில்லை. ஆனால் செல்சியில் அவருடைய முதல் ஆட்டமே வெஸ்ட் ஹாமிடம் 3-1 தோல்வி, கடைசி நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தவரும் அவரே. அவரோடு நின்ற என்சோ ஃபெர்னாண்டஸுக்கும் அதே ஆண்டில் நூறு மில்லியனுக்கு மேல் கொடுத்திருந்தார்கள். இரு நடுக்கள வீரர்களுக்கு 200 மில்லியன் பவுண்டைத் தாண்டிச் செலவிட்ட அணி அந்த சீசனில் ஆறாம் இடம் பிடித்தது. மூன்றாம் இடத்தில் 82 புள்ளிகளோடு இருந்தது, கைசெடோ வேண்டாம் என்று ஒதுக்கிய லிவர்பூல். அந்த ஆண்டு லீக் கோப்பை இறுதியாட்டத்தில் செல்சியை வென்றதும் அதே அணிதான். எண்டோ அந்த ஆட்டத்தின் 120 நிமிடமும் களத்தில் நின்றார்.

2024இல் கிளாப் விடைபெற்று நெதர்லாந்தின் ஆர்னே ஸ்லாட் பொறுப்பேற்றார். மீண்டும் ஆறாம் எண் தேடல். இம்முறை ரியல் சொசியடாடின் மார்ட்டின் சுபிமெண்டி, விலை 60 மில்லியன் யூரோ. அவரும் ஆகஸ்டில் ஊரைவிட்டு வர மனமில்லை என்று மறுத்துவிட்டார். மூன்று கோடைகள், சுவாமெனியும் கைசெடோவும் லாவியாவும் சுபிமெண்டியும் சேர்ந்து நான்கு மறுப்புகள். அந்தச் சந்தையில் லிவர்பூல் உடனடியாக ஆட வாங்கிய ஒரே ஆள், முன்களத்துக்கு வந்த ஃபெடரிக்கோ கியேசா. ரசிகர்கள் கொதித்தார்கள், அவர்கள் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஸ்லாட் செய்தது, கையில் இருந்த கிராவன்பெர்க்கைப் பின்னால் இறக்கி, அணியை 4-2-3-1க்கு நகர்த்தி, மக்காலிஸ்டரை அவருக்குத் துணையாக நிறுத்தியது. சொபோஸ்லாய் பத்தாம் எண்ணின் இடத்துக்குப் போனார்.

2024 செப்டம்பர் 1, ஓல்டு டிராஃபோர்டு. மான்செஸ்டர் யுனைடெட்டின் காஸெமிரோ நடுக்களத்தில் ஒரு பாஸ் போடுகிறார். கிராவன்பெர்க் அதைப் பறித்து, நின்று யோசிக்காமல் பந்தோடு முன்னே ஓடி, முன்கள வீரர் சலாவிடம் சேர்க்கிறார். சலா தூக்கிப் போட்டதை லூயிஸ் டியாஸ் தலையால் முட்டி கோலாக்குகிறார். ஆட்டம் 3-0. அந்த ஒரு நகர்வில் இரண்டு வேலை இருக்கிறது. பறிப்பது காவலாளின் வேலை. பறித்ததும் இருபது முப்பது அடி சுமந்துபோவது நம்பர் 8இன் வேலை, அவர் அயாக்ஸில் கற்றது. அந்த ஆண்டு முழுக்க அவர் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பின்களத்திலிருந்து பந்து தன்னை நோக்கி வரும்போது அவர் அதைக் காலால் நிறுத்தமாட்டார். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, பந்தைத் தன்னைத் தாண்டி ஓடவிட்டு, கூடவே சுழல்வார். முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த எதிரணி ஆள் அந்தச் சுழற்சியில் பின்னால் தங்கிவிடுவார். மரபான காவல் வீரர்கள் இதைத் துணிந்து செய்வதில்லை. தவறினால் கோல் விழும். பக்கத்தில் மக்காலிஸ்டரும் பின்னால் வான் டைக்கும் இருந்ததால்தான் அவருக்கு அந்தத் துணிச்சல் கிடைத்தது. அந்த சீசனில் லிவர்பூல் நான்கு ஆட்டங்கள் மீதமிருக்க, ஏப்ரல் 27 அன்று டாட்டனத்தை 5-1 என்று வென்று லீக்கைக் கைப்பற்றியது. கிராவன்பெர்க் லீக்கின் சிறந்த இளம் வீரர் விருதைப் பெற்றார்.

இங்கே ஒரு மறுப்பு வரும்: இதெல்லாம் அதிர்ஷ்டம். சுபிமெண்டி சரி என்றிருந்தால் கிராவன்பெர்க் பெஞ்சில் இருந்திருப்பார், ஸ்லாட்டின் திட்டமும் அவரை வைத்துப் போட்டதல்ல. இந்த மறுப்பில் உள்ள உண்மையை ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஆளுக்கு அந்த வாய்ப்பு கிடைத்ததில் தற்செயல் உண்டு. ஆனால் வாய்ப்பு கிடைத்தவர் ஏன் தாக்குப்பிடித்தார் என்பதைத் தற்செயல் விளக்காது. கிளாப்பின் கடைசி ஓராண்டில் வலது பின்கள வீரரான அலெக்சாண்டர்-ஆர்னால்ட், அணி பந்தை வைத்திருக்கும்போது, நடுக்களத்துக்குள் நடந்து வந்துவிடுவார். பாஸ் அழகாக ஓடும். பந்து பறிபோனால் அவர் விட்டுவந்த வலது மூலை திறந்து கிடக்கும், நம்பர் 6 அங்கேயும் ஓட வேண்டும். ஸ்லாட் அவரைப் பெரும்பாலும் தன் இடத்துக்கருகிலேயே வைத்தார். சலா முன்னால் தங்க, அவருக்குப் பின்னிருந்த வெளியை சொபோஸ்லாயின் ஓயாத ஓட்டம் காத்தது. சலா அந்த லீக்கில் 29 கோலும் 18 கோல் உதவியும் எடுத்தார். ஓரிடத்தில் கூடிய பாரத்தை மூன்று நான்கு பேரிடம் பிரித்துக் கொடுத்த பிறகுதான், அந்த இடத்தில் அதுவரை ஆடிப் பழகாத இளைஞரால் நிற்க முடிந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. எவ்வளவுதான் அமைப்பை மாற்றினாலும் சில ஆட்டக்காரர்களுக்கு மாற்று கிடையாது, ரோட்ரியைப் பாருங்கள் என்பது. 2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் ரோட்ரியின் முழங்கால் தசைநார் அறுந்தது. தொடர்ந்து நான்கு முறை லீக்கை வென்றிருந்த மான்செஸ்டர் சிட்டி, அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் இறுதிக்குள் ஆடிய 13 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றது. உலகின் மிகக் கூர்மையான பயிற்சியாளர்களில் ஒருவரான குவார்டியோலா கோவாசிச், குண்டோகன், பெர்னார்டோ சில்வா என்று மாற்றி மாற்றி நிறுத்தியும் கட்டு நிற்கவில்லை. கடைசியில் ஜனவரி சந்தையில் போர்ட்டோவிலிருந்து நிகோ கோன்சாலஸை வாங்கினார்கள். ஆக, வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கேயும் காயம்பட்டது ரோட்ரி ஒருவர் மட்டுமல்ல. பின்களத்தில் ரூபென் டியாஸ் பல வாரம் வெளியே இருந்தார், கைல் வாக்கரின் வேகம் குறைந்துவிட்டது, குண்டோகனுக்கு 34 வயது. பின்களம் மைதானத்தின் நடுக்கோடுவரை ஏறி நிற்கும் அமைப்பு அப்படியே இருந்தது. அந்த அமைப்பு ஒற்றை ஆளின் கணிப்பை நம்பிக் கட்டப்பட்டது. ஓர் ஆளுக்கு மாற்றில்லாமல் போவதும் அணியை நிறுத்திய விதத்தால் வருவதுதான்.

எதிர்த்திசையிலிருந்தும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். 2003இல் ஸ்பெயின் சாம்பியனான ரியல் மாட்ரிட், டேவிட் பெக்காமை வாங்கிய அதே கோடையில் கிளாட் மகலேலேயை செல்சிக்கு விற்றது. கோல் அடிக்காதவர், நீளமான பாஸ் போடாதவர் என்ற குறை மகலேலேயின் மேல் இருந்தது. அணியில் ஏற்கெனவே ஃபிகோ வலதுபக்கம் இருந்ததால் பெக்காமை நடுக்களத்தின் மையத்தில் நிறுத்தினார்கள். வசந்தம்வரை முதலிடத்தில் இருந்த மாட்ரிட் லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் தோற்று நான்காமிடத்தில் முடித்தது. பயிற்சியாளர் டெல் பாஸ்கேயும் கேப்டன் இயர்ரோவும் அதே ஆண்டில் போய்விட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், பழி முழுவதையும் ஒரு விற்பனையின் மேல் போட முடியாது. செல்சியிலோ பயிற்சியாளர் மொரீனியோ 4-3-3 அமைப்பில் மகலேலேயைத் தனியாகப் பின்னால் நிறுத்தினார். அன்று இங்கிலாந்தில் பல அணிகள் 4-4-2 ஆடின. நடுவில் அவர்களுக்கு இருவர், செல்சிக்கு மூவர், கூடுதலாக ஒருவர் எப்போதும் எதிராளி ஒட்டாமல் இருப்பார். 2004-05இல் செல்சி 38 ஆட்டங்களில் வாங்கிய கோல் வெறும் 15. மாட்ரிட்டில் கண்ணில் படாத அதே ஆள்தான். லண்டனில் அவருக்குப் பொருந்தும் இடத்தை முதலில் உருவாக்கிவிட்டு அதில் அவரை நிறுத்தினார்கள்.

அப்படியானால் இதெல்லாம் பயிற்சியாளர் பாடு, ரசிகர்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பயிற்சிக் களத்தில் தினமும் நடப்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது என்பது சரிதான். ஆனால் 111 மில்லியன் பவுண்டு விலை பேசியது ரசிகர்கள் அல்ல, ஆய்வுப் பிரிவும் தேர்வாளர்களும் நிறைந்த கிளப். ஆளால் ஓட்டையை அடைக்கலாம் என்ற எண்ணத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இருக்கவில்லை. நடுக்களத்துக்கு வயதாகிவிட்டது என்று 2022இல் கத்தியவர்கள் நிர்வாகத்தைவிடச் சரியாகக் கணித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நல்ல விவாதத்துக்குத் தேவையான கண் ரசிகர்களிடம் இருக்கிறது. புதிய பெயர் ஒன்று அடிபடும்போது, அவர் வந்தால் பக்கத்தில் நிற்பவர் யார், பந்து பறிபோனால் வலது மூலைக்கு யார் ஓடுவார், முன்களம் விரட்டுமா நிற்குமா என்று கேட்டாலே பாதிப் பெயர்கள் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும். மீதியுள்ளவர்களைப் பற்றிய சண்டை அப்போதுதான் சுவையாக இருக்கும்.

2025 கோடையில் அந்தக் கேள்விகளுக்கான தேவை திரும்பவும் வந்தது. சாம்பியன் லிவர்பூல் இம்முறை அள்ளி வாங்கியது. ஜெர்மனியின் ஃப்ளோரியன் விர்ட்ஸ் 116 மில்லியன்வரை உயரக்கூடிய தொகைக்கு, அலெக்சாண்டர் இசாக் 125 மில்லியனுக்கு, கூடவே எகிடிகே, இரு பக்கப் பின்களத்துக்கும் ஃப்ரிம்பாங், கெர்கெஸ். அலெக்சாண்டர்-ஆர்னால்ட் மாட்ரிட் போய்விட்டார், லூயிஸ் டியாஸ் பயர்னுக்குப் போனார். ஜூலையில் அணி வீரர் டியாகோ ஜோட்டா கார் விபத்தில் இறந்த துயரம் அந்த அணியின் மேல் கவிந்திருந்தது. களத்து விளக்கம் எதுவும் அதைச் சிறிதாக்கிவிடக் கூடாது. செப்டம்பர் இறுதியிலிருந்து கிரிஸ்டல் பேலஸ், செல்சி, மான்செஸ்டர் யுனைடெட், பிரென்ட்ஃபோர்டு என்று லீக்கில் அடுத்தடுத்து நான்கு தோல்விகள். உடனே பழைய குரல் எழுந்தது: நம்பர் 6 வாங்குங்கள். கிராவன்பெர்க் அதே கிராவன்பெர்க்தான். அவரைச் சுற்றி நின்ற ஆட்கள்தான் மாறியிருந்தார்கள். பத்தாம் எண்ணின் இடத்தில் ஓடி அடைக்கிற சொபோஸ்லாய்க்குப் பதில், பந்து காலில் இருக்கும்போது மின்னுகிற விர்ட்ஸ். வலது பின்களத்தில் காயங்களால் ஆளில்லை. ஆகஸ்ட் 31 அன்று ஆர்சனலை வென்ற ஆட்டத்தில் தொலைவிலிருந்து ஃப்ரீகிக்கில் ஒரே கோலை அடித்தவர் சொபோஸ்லாய், அன்று அவர் ஆடியதே வலது பின்களத்தில். நடுக்களத்தில் ஓடுவதற்கு ஓர் ஆள் குறைகிறார் என்று ரசிகர்கள் சொன்னது சரி. அந்த ஆள் முப்பது அடி தள்ளி, கோட்டோரமாக, வேறொருவரின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.